ஒதுக்கியாச்சு

அந்தத் தெருவில் அக்காவுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. ஜாமீன் அக்கா. யாரையும் அவர் சிறையிலிருந்து மீட்டவரில்லை. தேர்தலுக்குத் தேர்தல், அக்கா வேலை செய்யும் கோட்டுத் தையல் பட்டறை முற்றத்தில் கூட்டம் நடக்கும். முதல் ஆளாக எழுந்து, "என் தம்பி சொன்னா செய்வான், அதுக்கு நான் ஜாமீன்" என்று சொல்லிவிட்டு உட்காருவார். அவ்வளவுதான் அவர் பேச்சு. அதற்கப்புறம் தம்பி மணிக்கணக்கில் பேசுவார். ஆனால் ஓட்டு விழுவது அக்காவின் அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் என்பது தெருவுக்கே தெரியும். தம்பிக்கும் தெரியும்.

நான் அப்போது அவர்கள் வீட்டு மாடியில் குடியிருந்தேன். பட்டறை வாசலுக்கு நேர் எதிரே ஒரு மருந்துக்கடையில் வேலை. படி இறங்கினால் அக்காவின் வீடு, கடையில் உட்கார்ந்தால் அக்காவின் பட்டறை. அந்தக் குடும்பத்துச் சங்கதி எதுவும் எனக்குத் தப்பியதில்லை. நானும் தப்பவிட விரும்பியதில்லை. தனிக்கட்டைக்கு வேறென்ன பொழுதுபோக்கு.

பட்டறையில் ராணுவத்துக்குக் குளிர்க்கோட்டு தைத்தார்கள். இரண்டு துணிக்கு நடுவே பஞ்சு வைத்துத் தைக்கிற கனத்த கோட்டு. பஞ்சு மூக்கில் ஏறி, தலையில் ஏறி, சாயங்காலம் வெளியே வரும் பெண்கள் எல்லோரும் ஒரே நாளில் நரைத்தவர்கள் போலிருப்பார்கள். எங்கள் கடையில் இருமல் மருந்து நன்றாக விற்றது. அக்காவின் வேலை கோட்டுக்குக் கை ஏற்றுவது. பக்கத்து மெஷினில் காஜாக்காரி, பொத்தான் துளைகளுக்கு ஓரம் கட்டுகிறவள். இருவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவர்கள். இருவரின் மகன்களும் ஒரே நாளில் ராணுவத்தில் சேர்ந்து, இப்போது ஒரே பனிமலையின் உச்சியில் காவல் நின்றுகொண்டிருந்தார்கள்.

தம்பி முன்பு பஸ் கண்டக்டர். குரல் வளமும் எந்தக் கூட்டத்திலும் இடித்துக்கொண்டு முன்னேறும் பழக்கமும் அந்த வேலையில் வந்தவை. நாடாளுமன்றத்துக்குப் போய், அங்கே ராணுவச் செலவைப் பார்க்கும் குழுவிலும் இடம் பிடித்துவிட்டார். போன தேர்தல் கூட்டத்தில் அவர் கொடுத்த வாக்கு மூன்று. புதிய போர் விமானம் வாங்கும் மசோதாவுக்குக் கை தூக்கமாட்டேன். ஒரு குளிர்காலத்துக்கு மேல் எந்தப் பிள்ளையையும் அந்த மலையில் நிறுத்தவிட மாட்டேன். மலையில் நிற்கும் ஒவ்வொருவனுக்கும் புதுக் கோட்டு வாங்கிக் கொடுப்பேன். மூன்றாவதைச் சொன்னபோது பெண்கள் கை தட்டிய சத்தத்தில் எங்கள் கடை அலமாரிப் புட்டிகள் அதிர்ந்தன. பிள்ளைக்கும் கோட்டு, தங்களுக்கும் வேலை. யாருக்குத்தான் கசக்கும்.

வாக்குக் கொடுத்தவர் தம்பி. அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தவர் அக்கா. சபை கூடும் நாட்களில் டிவியில் நேரடி ஒளிபரப்பு வரும். அக்காவின் வீட்டுக்காரர் மோட்டார் பம்பு ரிப்பேர் செய்கிறவர். தெருவில் அவருக்கு மோட்டார்காரர் என்றே பெயர். பந்தாட்டம் பார்க்க ஆசைப்பட்டு ரிமோட்டை எடுப்பார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டுவார். ரிமோட் கைமாறிவிடும்.

"உன் தம்பி பின் வரிசையில உக்காந்து தூங்கறதைப் பாக்கறதுக்கு நான் ஒரு மேட்ச்ச விடணுமா?"

"தூங்கல. கண்ணை மூடி யோசிக்கறான்."

"வாயைத் திறந்து வச்சா யோசிக்கறான்?"

விமான மசோதா வந்த அன்று மருந்துக்கடை டிவியைச் சுற்றிப் பட்டறையே நின்றது. தம்பியின் கட்சித் தலைவர் கை தூக்கினார். முன் வரிசை முழுதும் தூக்கியது. தம்பி இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், எங்கே தானாக எழுந்துவிடுமோ என்று பயந்த மாதிரி. அன்று பட்டறைக்கே அக்கா தேநீர் வாங்கிக் கொடுத்தார். "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று கடைப் படியில் நின்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் கேட்டார். பார்க்காதவர்களிடமும் கேட்டார்.

இரண்டாவது வாக்கு இழுத்தது. "குழு போட்டிருக்காங்கக்கா" என்று தம்பி போனில் சொன்னார். மோட்டார்காரர் அதைக் கேட்டுவிட்டு, "தண்ணி வரலேன்னா நான் மோட்டாரைக் கழட்டிப் பாப்பேன். இவங்க பத்துப் பேரு சேர்ந்து கிணத்தை எட்டிப் பாப்பாங்க" என்றார். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

அப்புறம் ஒருநாள், பட்டறை விட்டு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது அந்தப் போன் வந்தது. ஈரக் கையோடு எடுத்தார்.

"அக்கா, கோட்டுக்கு ஒதுக்கியாச்சு."

"நிஜமாவாடா?"

"சத்தியமா. நேத்தே ஒதுக்கியாச்சு."

அந்த வார்த்தை அந்த வீட்டில் என்ன பொருளுக்கு வழங்கியது என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும். தாய் இல்லாத தம்பியை வளர்த்தவர் அக்கா. கண்டக்டர் வேலை பார்த்த காலத்தில் தம்பி கடைசி வண்டியை நிறுத்திவிட்டு வர எந்நேரமாகுமோ தெரியாது. அக்கா படுக்கும் முன் ஒரு தட்டில் சாப்பாடு எடுத்து, இன்னொரு தட்டால் மூடி, "ஒதுக்கி வச்சிருக்கேன், எடுத்துச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டுப் படுப்பார். வீட்டில் பற்றாக்குறை என்றாலும் அந்தத் தட்டை யாரும் தொடமாட்டார்கள். அந்த வீட்டில் ஒன்றை ஒதுக்கியாயிற்று என்றால் அது உனக்குத்தான், எப்போது வந்தாலும் இருக்கும் என்று அர்த்தம்.

ஆகவே மறுநாள் பட்டறைக்குப் போனதும் அக்கா கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடுவே நின்று சொன்னார்: "கோட்டு வந்தாச்சு. எல்லாரும் மெஷினுக்கு எண்ணெய் போட்டு வைங்கடி." காஜாக்காரி அன்றே மகனிடம் போனில், பழைய கோட்டுக்குள்ளே போடுவதற்கு அவள் பின்னிக்கொண்டிருந்த கம்பளிச் சட்டையைப் பாதியில் நிறுத்திவிட்டதாகச் சொன்னாள். "புதுக் கோட்டு வருதுடா, அதுக்கடியில இது எதுக்கு, குத்தும்." கம்பளி நூலை எங்கள் கடைக்காரர் மனைவிக்கு விற்றும்விட்டாள்.

பட்டறைக்கு ஆர்டர் வரவில்லை. வேறு பட்டறைக்குப் போயிருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். குளிர்காலம் தொடங்கியதும் அக்காவின் மகன் சில நாள் விடுப்பில் வந்தான். உதடு வெடித்து, காது நுனி கறுத்து, ஆள் பாதியாகியிருந்தான். சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. கதவைத் திறந்த அக்கா மகனைக் கட்டிக்கொண்டார். கட்டிக்கொண்ட கை அப்படியே அவன் முதுகில் நின்றுவிட்டது.

"இதுல பஞ்சு எங்கடா?"

"எல்லாம் கீழ இறங்கிடுச்சும்மா. தொப்பை மாதிரி இருக்கு பாரு" என்று அவன் கோட்டின் கீழ்ப்பக்கத்தைத் தட்டிக் காட்டினான்.

அக்கா கோட்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டார். தோள்பட்டையில் வெறும் இரண்டு துணிதான் இருந்தது. பொத்தான் துளையைத் தடவிப் பார்த்தார். காஜாக்காரி ஓரம் கட்டினால் கடைசியில் ஒரு தையல் கூடுதலாகப் போடுவாள், அது அவள் கைப்பழக்கம். அந்தத் தையல் அங்கே இருந்தது.

"இதை நாங்க தச்சப்ப நீ பள்ளிக்கூடம் போயிட்டிருந்தடா" என்றார் அக்கா.

"அப்ப வீட்டுக் கோட்டுதான். நல்லதுதானே."

"புதுசு வரலையா?"

"எது புதுசு?"

அவ்வளவுதான். மகன் இருந்த நாளெல்லாம் அக்கா அந்தக் கோட்டைப் பிரித்து, புதுப் பஞ்சு வைத்து, கட்டம் கட்டமாகத் தைத்தார். அவன் பெரும்பாலும் தூங்கினான். முட்டையும் உருளைக்கிழங்கும் வறுத்து வைத்தால் எழுந்து தின்றுவிட்டு மறுபடி தூங்கினான். மோட்டார்காரர் வேலைக்குப் போகாமல் மகன் தலைமாட்டில் உட்கார்ந்து, ஒன்றும் கெட்டுப்போகாத ஒரு மோட்டாரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். மகன் கிளம்பும்போது காஜாக்காரி ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தாள், தன் மகனுக்கு. விடுப்பு கிடைக்காமல் அவன் மேலேயே இருந்தான். "அவன் கோட்டு எப்படி இருக்கு?" என்று அவள் கேட்டாள். பையன் தன் தாயைப் பார்த்தான். அக்கா சுவரைப் பார்த்தார்.

அடுத்த ஞாயிறு மதியம் தம்பி வந்தார். தேர்தல் நெருங்கிவிட்டது, கூட்டத்துக்கு நாள் குறிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நானும் கீழேதான் சாப்பிடுவேன். அக்கா எங்கள் மூவருக்கும் பரிமாறினார். தம்பி முதல் கவளத்தை எடுக்கும்வரை பொறுத்திருந்தார்.

"கோட்டுக்கு ஒதுக்கியாச்சுன்னியே."

"ஆமாக்கா. ஒதுக்கினோமே."

"எங்க?"

"எங்கன்னா? பட்ஜெட்ல. தனியா ஒரு தலைப்புப் போட்டு ஒதுக்கினோம். நான் சண்டை போட்டு வாங்கினதுக்கா அது."

"அது தலைப்பு. கோட்டு எங்கடா?"

தம்பி கவளத்தைத் தட்டில் வைத்தார். "அதுல பாருக்கா, ஒதுக்கறது ஒண்ணு, செலவு பண்றது ஒண்ணு. நாங்க ஒதுக்குவோம். இலாகாவுல கையெழுத்துப் போட்டு வாங்கணும். அவங்க டெண்டர்ல ஏதோ சிக்கல்னு இழுத்தாங்க. பட்ஜெட் வருஷம் முடிஞ்சிடுச்சு. முடிஞ்சா செலவாகாத பணம் திரும்பக் கஜானாவுக்குப் போயிடும்."

"திரும்பவா?"

"விதி அப்படிக்கா."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "நான் உனக்கு ஒதுக்கி வச்ச தட்டு என்னைக்காவது திரும்பப் போயிருக்கா?"

"ஒரு தடவை பூனை தின்னுச்சு" என்றார் மோட்டார்காரர். யாரும் சிரிக்கவில்லை. அவரே கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொண்டார்.

"நீ அன்னைக்கே சொல்லியிருக்கணும்" என்றார் அக்கா. "அக்கா, இது பேச்சுக்கு ஒதுக்கினது, கைக்கு வராதுன்னு. நான் போய்ப் பட்டறை நடுவுல நின்னு கோட்டு வந்தாச்சுன்னு சொன்னேன்டா. அவ பின்னிட்டிருந்த சட்டையை நிறுத்திட்டா."

"எவ?"

"காஜாக்காரி. அவ பிள்ளையும் அங்கதான் நிக்கறான், வெறும் துணியப் போத்திக்கிட்டு."

தம்பி தட்டை நகர்த்தி வைத்தார். நல்ல மனிதர்தான் அவர், இதை நான் அன்றும் நினைத்தேன், இன்றும் சொல்வேன். அக்காவின் முகம் வாடினால் அவருக்குப் பொறுக்காது. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "அக்கா, கோட்டு கிடக்கட்டும். மருமகனை நான் கீழ இறக்கிடறேன். சமவெளியில, ஆபீஸ் வேலை. ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

மோட்டார்காரரின் கை தட்டிலேயே நின்றது. "முடியுமா மச்சான்?"

"ஒருத்தனுக்கு முடியும் மாமா."

"அப்ப செஞ்சிடு. இன்னும் என்ன யோசனை?"

"ஒருத்தனுக்குத்தானா?" என்று கேட்டார் அக்கா.

"கேட்டதும் எல்லாருக்கும் குடுக்க அது பஸ் டிக்கெட்டாக்கா?"

அக்கா எழுந்து போய் அடுப்பைத் துடைத்தார். துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தார். "யோசிச்சுச் சொல்றேன்" என்றார், திரும்பாமல்.

"பெத்த பிள்ளைய இறக்கறதுக்கு யோசனையா?" என்று மோட்டார்காரர் கேட்டார். "அவனையே போன்ல கேப்போம்."

"கேட்டா வேணாம்னுதான் சொல்லுவான். அதுக்குத்தான் கேக்க வேணாங்கறேன்."

அந்த வாரம் முழுக்க அக்காவும் காஜாக்காரியும் ஒரே டப்பாவில் சாப்பிடவில்லை. அக்காவுக்கு ஒருநாள் தலைவலி, ஒருநாள் வயிறு சரியில்லை. மாத்திரை வாங்க என்னிடம்தான் வந்தார். "உங்களுக்கு ஒண்ணும் இல்லக்கா" என்றேன். "தெரியும், குடு" என்றார். கண்ணாடி அலமாரியில் கை ஊன்றிக்கொண்டு, பட்டறை வாசலைப் பார்த்தபடி, "எனக்கு அவன் வந்துடணும்ப்பா. வந்துடணும்னுதான் இருக்கு. எந்திரிச்சா அதே நெனப்பு, படுத்தா அதே நெனப்பு" என்றார். பிள்ளையை இறக்கிவிடச் சொல்லித்தான் நான் சொன்னேன். என் பிள்ளை என்றால் நான் யோசித்திருக்கவே மாட்டேன்.

கூட்டம் வழக்கம்போலப் பட்டறை முற்றத்தில். துணிச் சுருள்களை ஓரமாக அடுக்கி, பெஞ்சு போட்டு, தம்பியை நடுவில் உட்காரவைத்தார்கள். மழை வரும்போல இருந்தது. பட்டறைக்காரர், "நம்ம ஜாமீன் அக்கா முதல்ல" என்றதும் எல்லோரும் சிரித்துக் கை தட்டினார்கள். அந்த ஒரு வாக்கியம் எல்லோருக்கும் மனப்பாடம்.

அக்கா எழுந்தார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"மூணு வாக்குக் குடுத்தான் என் தம்பி. விமானத்துக்குக் கை தூக்க மாட்டேன்னான், தூக்கல. நீங்களே பாத்தீங்க. அதுக்காக அவனை அவங்க ஆளுங்களே ஒதுக்கி வச்சாங்க, அதையும் தாங்கிக்கிட்டான். ஒரு குளிருக்கு மேல நிறுத்தக் கூடாதுன்னான், அதுக்குக் குழு போட்டிருக்கு, குழு என்ன பண்ணுதுன்னு குழுவுக்கே தெரியாது. மூணாவது கோட்டு. கோட்டு வந்தாச்சுன்னு உங்ககிட்ட சொன்னது நான். அவன் ஒதுக்கியாச்சுன்னான், நான் வந்தாச்சுன்னுட்டேன். வரல. காசு திரும்பக் கஜானாவுக்கே போயிடுச்சாம். அதனால இந்தத் தடவை நான் ஜாமீன் இல்ல."

தம்பி தலை குனிந்திருந்தார்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன். என் பிள்ளையை மட்டும் கீழ இறக்கறேன்னு தம்பி சொன்னான். நான் உடனே வேணாங்கல. ஒரு வாரமா மனசுக்குள்ள சரின்னுதான் சொல்லிட்டிருந்தேன். இன்னைக்கு வேணாம்னு சொல்லப் போறேன். நீங்க எல்லாரும் கேட்டாத்தான் என்னால மாத்திப் பேச முடியாது. அதுக்குத்தான் இங்க சொல்றேன்."

அக்கா உட்கார்ந்தார். தம்பி மைக்கைப் பிடித்தார். "அக்கா சொன்னது..." என்றார். "அக்கா சொன்னது சரிதான்" என்று முடித்துக்கொண்டார். அவர் பேசியதிலேயே சின்னப் பேச்சு அதுதான்.

கலையும்போது காஜாக்காரி அக்காவின் பக்கத்தில் வந்து நின்றாள். "நானா இருந்தா பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வந்திருப்பேன். உங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள்.

"நானும் அப்படித்தான் இருந்தேன்" என்றார் அக்கா.

"நாளைக்காவது டப்பாவ எடுத்துட்டு வா. தனியாச் சாப்பிட்டா இறங்க மாட்டேங்குது."

வீட்டில் மோட்டார்காரர் வெடித்தார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "ஊரைக் கூட்டி வச்சு என் பிள்ளையைப் பனியில தள்ளிட்டியே. பெத்தவன்னு நான் ஒருத்தன் இருக்கேனே, என்னைக் கேட்டியா?" அக்கா தட்டுகளை எடுத்து வைத்தார். கண்ணீர் மட்டும் தன் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் தம்பி வாசற்படி ஏறி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாடா. சாப்பிடு."

"அக்கா, மருமகன் இறங்கிட்டான்."

"என்னது?"

"ஞாயித்துக்கிழமை சாப்பிட்டுப் போனதும் பேசிட்டேன். மறுநாளே கையெழுத்தாயிடுச்சு. இந்நேரம் கீழ வந்திருப்பான். இன்னைக்குக் கூட்டம் முடிஞ்சதும் உங்கிட்ட சொல்லிச் சந்தோஷப்படுத்தலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீ..."

மோட்டார்காரர் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்து, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, குழந்தையைப் போல அழுதார். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். அக்காவும் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். பெற்ற வயிறு ஒரு நிமிடம் குளிர்ந்திருக்கும். யார் அதைக் குறை சொல்ல முடியும்.

பிறகு கண்ணைத் திறந்தார்.

"மறுநாளேவா?"

"ஆமாக்கா."

"டெண்டர் சிக்கல் ஒண்ணும் வரல?"

தம்பி மோட்டார்காரரைப் பார்த்தார்.

"வருஷம் முடிஞ்சிடல?"

"அக்கா..."

"அப்ப உன்னால முடியும்டா" என்றார் அக்கா. திட்டவில்லை. பாராட்டுகிற மாதிரி, ஆச்சரியப்படுகிற மாதிரி, மெதுவாகச் சொன்னார். சபையில் யார் திட்டியும் கலங்காத தம்பி, அந்தச் சொல்லுக்குக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா அடுப்பை அணைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.

"எங்க போற?" என்றார் மோட்டார்காரர்.

"காஜாக்காரி வீட்டுக்கு. என் பிள்ளை வந்துட்டான், உன் பிள்ளை அங்கயே நிக்கறான்னு நான் சொல்லித்தான் அவளுக்குத் தெரியணும். நாளைக்கு வேற யாராவது சொல்லி அவ கேக்கக் கூடாது."

தம்பியும் கழற்றிய செருப்பைக் காலால் தேடினார். "இரு, நானும் வரேன். செஞ்சவன் நான்தானே."

"கோட்டு எப்ப வரும்னு கேப்பா."

"கேக்கட்டும்."

"என்ன பதில் சொல்லுவ?"

தம்பி தெருவைப் பார்த்தார். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. மேடையிலும் சரி, சபையிலும் சரி, எதைக் கேட்டாலும் கைவசம் ஒரு பதில் வைத்திருக்கிற மனிதர்.

"தெரியலக்கா" என்றார்.

அக்கா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முந்தானையால் தன் தலையை மூடி, மிச்சத்தை எட்டி அவர் தலையிலும் போட்டார்.

"அதையே வந்து அவகிட்ட சொல்லு. வா."